மாலம் கோவுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். விடுமுறை வந்தால் கோச் அமர்த்திக் குடும்பங்களை வெளியூர் கூட்டிப்போவது இங்கிலாந்துத் தமிழ்ச் சங்கங்களிலும் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிகளிலும் நல்ல வழக்கம். யார்க்‌ஷர் டேல்ஸ் தேசியப் பூங்காவில் உள்ள மாலம் என்ற சிற்றூரை உங்கள் பட்டியலில் சேர்க்கும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். கடற்கரைக்குப் போவதுபோல, பிற்பகலில் இறங்கி, சமைத்துச் சாப்பிட்டு, படம் எடுத்துத் திரும்பும் ஊர் இதுவல்ல. பார்க்க வேண்டியவை நாலு பக்கமும் சிதறிக் கிடக்கின்றன, நடந்தால்தான் கிடைக்கும். நடக்கும் நிலமோ ஊர் விவசாயிகளின் மேய்ச்சல் நிலம். ஆகவே இதை நடைப்பயணமாகவே திட்டமிடுங்கள் என்று கேட்கத்தான் இம்மடல்.

முதலில் நேரம். லீட்ஸ், பிராட்ஃபர்ட் பக்கத்தில் இருப்போர் ஒரே நாளில் போய் வரலாம். லண்டனிலிருந்து போகவே 5 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பக்கத்து நகரான ஸ்கிப்டனில் ஓரிரவு தங்காவிட்டால் பிள்ளைகள் பேருந்திலேயே களைத்துப்போவார்கள். காலை 10 மணிக்குள் மாலத்தில் இறங்கிவிடுங்கள். கார்கிரேவ் என்ற ஊரைத் தாண்டியதும் சாலை குறுகி, இரு பக்கமும் கல்மதில் நெருங்கிவிடும். எதிரே இன்னொரு கோச் வந்தால் யாராவது பின்னால் எடுக்க வேண்டும். ஊரின் தென்முனையில், தேசியப் பூங்கா நிலையத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் எல்லோரையும் இறக்கிவிடுங்கள். கோர்டேல் பக்கம் போகும் ஒற்றைச் சாலைக்குள் கோச்சை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

வழி பற்றி எங்கள் கருத்து உறுதியானது: கடிகாரம் சுற்றும் திசையில் போங்கள். முதலில் மாலம் கோவ் என்ற பாறைச்சுவர், பிறகு கோர்டேல் ஸ்கார் பள்ளத்தாக்கு, கடைசியில் ஜேனட்ஸ் ஃபாஸ் அருவி. மொத்தம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். பிள்ளைகளோடு, சாப்பாட்டுக்கும் இடம்விட்டு, 4 மணி நேரம் ஒதுக்குங்கள். எதிர்த்திசையில் வருவோரும் நிறையப் பேர். ஆனால் கோவின் மேற்குப் பக்கத்தில் ஏறத்தாழ 400 கற்படிகள் இருக்கின்றன. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் கால் வழுக்கும். களைத்த கால்களோடு மாலையில் அந்தப் படிகளில் இறங்குவதைவிட, காலையில் தெம்பாக ஏறிவிடுவது நல்லது.

கோவ் என்றதும் கடலோரக் குடாவை நினைக்க வேண்டாம். ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில், 300 மீட்டர் அகலத்தில், அரைவட்டமாக வளைந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் சுவர் அது. பனியுகத்தின் முடிவில் உருகிய நீர் அதன் மேலிருந்து அருவியாகக் கொட்டியது. இன்று அருவி இல்லை. நீரெல்லாம் கல்லுக்குள் இறங்கிவிடுகிறது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் மழையின்போது மட்டும் சில மணி நேரம் மீண்டும் அருவி விழுந்தது. பிள்ளைகளுக்கு இதைச் சுவரின் அடியில் நிறுத்திச் சொல்லுங்கள். அங்கேதான் ஓடை பாறைக்கடியிலிருந்து சத்தமில்லாமல் வெளியே வரும். மேலே மாலம் டார்ன் ஏரியிலிருந்து வழியும் நீரும் சிறிது தூரத்தில் மண்ணுக்குள் மறைகிறது. அதுதான் இங்கே வருகிறது என்று பலர் சொல்வார்கள். சாயம் விட்டுச் சோதித்தபோது, அதில் பெரும்பகுதி ஊருக்குத் தெற்கே ஏர் ஹெட் ஊற்றுகளில் எழுந்தது. கோவின் அடியில் வருவது பெரும்பாலும் வேறோர் ஓடையின் நீர். லீட்ஸ் நகரின் நடுவே ஓடும் ஏர் ஆறு தொடங்குவது இங்கேதான்.

ஊரிலிருந்து கோவின் அடிவரை நல்ல பாதை, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தாத்தா பாட்டிகளும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் அதுவரை கூடவே வரலாம். பிறகு அவர்கள் ஊருக்குத் திரும்பி ஓய்வெடுத்து, பிற்பகலில் ஜேனட்ஸ் ஃபாஸ் வழியில் உங்களை எதிர்கொள்ளட்டும். அந்தப் பாதை அதிக ஏற்றமில்லாதது. ஆனால் கடைசியில் மரங்களுக்கிடையே கல்லும் வேருமாக இருப்பதால் தள்ளுவண்டி வேண்டாம்.

இடர் அதிகம் உள்ள இடம் படிக்கு மேலே இருக்கும் பாறைத்தளம். பனியாறு மண்ணைச் சுரண்டி எடுத்துவிட, மழைநீர் கல்லின் வெடிப்புகளை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய தளம் அது. மேடான கற்பாளங்களை அவ்வூரார் கிளின்ட் என்பார்கள். இடையிலுள்ள பிளவுகளை கிரைக் என்பார்கள். ஒரு கிரைக்கின் ஓரத்தில் குந்தி உள்ளே பாருங்கள். வெளியே ஆடு மேய்ந்து மொட்டையாகக் கிடக்கும் கல்லில், உள்ளே நிழலும் ஈரமும் சேர்ந்து, நாக்கு வடிவப் பெரணி பளபளவென்று வளர்ந்திருக்கும். ஆட்டின் வாய்க்கு எட்டாததால் பிழைத்த செடி அது. அதே பிளவில்தான் கணுக்காலும் முறியும். ஆயிரமாயிரம் கால்கள் தேய்த்த கல் கண்ணாடிபோல வழவழப்பாகிவிட்டது. ஒரு தூறல் போதும். பிள்ளைகளைப் பாளத்துக்குப் பாளம் தாவ விடாதீர்கள். மழை பெய்தால் தளத்தின் உள்ளே போகாமல் வடக்கு ஓரத்துப் புல்லோடு நடத்திச் செல்லுங்கள். விளிம்பில் வேலி கிடையாது. படம் எடுக்கும்போது முதுகு காட்டிப் பின்னோக்கி நகர்வதுதான் பெரிய ஆபத்து. எடுப்பவரும் நிற்பவரும் விளிம்பிலிருந்து பல அடி உள்ளேயே இருக்கட்டும். பெரிக்ரின் வல்லூறுகள் இந்தச் சுவரில் கூடு வைக்கும். கூட்டருகே அவற்றைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கோர்டேல் ஸ்கார், இரு பக்கமும் 100 மீட்டர் அளவுக்குப் பாறை நெருங்கும் பள்ளத்தாக்கு. உள்ளே இரண்டடுக்கு அருவி. வரைபடத்தில் அருவியை ஒட்டி மேலே ஏறும் வழி தெரியும். குழுவோடு அதை முயலவே வேண்டாம்: கையும் காலும் ஊன்றி ஏறும் பாறை, நீர் அதிகமானால் பிடியே இருக்காது. அருவிக் கல்லில் படிந்திருக்கும் டூஃபா என்ற சுண்ணாம்புப் படிவும் மிதித்தால் உதிரும். உள்ளே போய் நின்று பார்த்து, வந்த வழியே திரும்புங்கள்.

ஜேனட்ஸ் ஃபாஸ் சின்ன அருவி, மே மாதத்தில் காடெங்கும் காட்டுப்பூண்டு வாசனை. அருவிக்குப் பின்னே தேவதைகளின் அரசி குடியிருந்ததாகக் கதை. குட்டையில் முன்பு கம்பளி கத்தரிக்கும் முன் ஆடுகளைக் கழுவினார்கள். விழுந்த மரங்களில் நாணயம் அடித்திருப்பதைப் பார்த்து நம் பிள்ளைகளும் அடிக்க வேண்டாம்.

மேய்ச்சல் நிலம் பற்றி. பொதுப் பாதையில் நடக்கும் உரிமை சட்டத்தில் உண்டு. பாதையை விட்டு விலகும் உரிமை எல்லா வயலிலும் இல்லை. புல்வெளியில் ஒற்றை வரிசையாக நடங்கள். அந்தப் புல்தான் குளிர்காலத் தீவனம். கதவு திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். 40 பேர் போகும்போது "பின்னால் வருபவர் மூடுவார்" என்று எல்லோரும் நினைப்பதால்தான் கதவு திறந்து கிடக்கிறது. கடைசியாக வரப் பெயர் சொல்லி ஒருவரை நியமியுங்கள். கதவு அவர் பொறுப்பு. மதில்கள் காரை இல்லாமல் கல்லால் அடுக்கியவை, ஏறி உட்கார்ந்தால் சரியும். ஈஸ்டர் சமயம் ஆடுகள் குட்டி போடும் காலம்: தனியே நிற்கும் குட்டியைத் தூக்கவோ தொடவோ கூடாது. பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாமல் சுற்றிப் போங்கள்.

அடுப்பும் பார்பிக்யூவும் வேண்டாம். திறந்த மேட்டு நிலத்தில் நடக்க உரிமை தரும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் தீ மூட்ட உரிமை தரவில்லை. மக்கிய செடிகளாலான கரிமண் காய்ந்து கிடக்கும் மேட்டு நிலத்தில் தீ மண்ணுக்கடியிலேயே பரவும். புளிச்சோறு, ரோல்ஸ், அவித்த முட்டை என்று ஆறினாலும் சாப்பிடக்கூடியவற்றைத் தனித்தனி டப்பாவில் கட்டுங்கள். பிளாஸ்டிக் பை ஆட்டின் வயிற்றில் போனால் ஆடு செத்துப்போகும். குப்பை உங்களோடே திரும்பட்டும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, அடியில் பிடிப்புள்ள காலணி. நனைந்த ஜீன்ஸ் உடம்பைக் குளிரவைக்கும். 1:25,000 அளவில் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்2 தாள் வரைபடம் ஒன்று வழிகாட்டியிடம் இருக்கட்டும், பள்ளத்தில் கைபேசிச் சிக்னல் நம்பத் தகுந்ததல்ல. யாராவது விழுந்தால் 999 அழைத்து, முதலில் காவல்துறையை, பிறகு மலை மீட்புக் குழுவைக் கேளுங்கள். வருபவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. பேச்சுக்குச் சிக்னல் போதாவிட்டாலும் குறுஞ்செய்தி போகலாம். அதற்கு வீட்டிலிருக்கும்போதே "ரெஜிஸ்டர்" என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பிப் பதிந்துகொள்ள வேண்டும். விசில் என்றால் நிமிடத்துக்கு 6 ஊதல், பிறகு ஒரு நிமிடம் இடைவெளி.

குழுவைப் பன்னிரண்டு பேராகப் பிரித்து, கால் மணி இடைவெளியில் அனுப்புங்கள். முன்னால் போகப்போகிறவர்கள் ஒருமுறை குழு இல்லாமல் வந்து வழியை நடந்து பார்க்கட்டும். அதன்பிறகு கோச்சை உறுதிசெய்யுங்கள்.

அன்புடன்,
டேல்ஸ் பாதைகளில் குழுக்களை வழிநடத்தும் தமிழர் சிலர்