கொஸ்ஃபோர்டில் நிற்கும் புக்காரா

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

சுகம்தானே? அம்மாவுக்குக் கால்நோவு கொஞ்சம் குறைவு. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா. இங்கே வெயில் கொளுத்துகிறது. பின்னேரம் கடற்கரைப் பக்கம் போனால்தான் மூச்சு விடலாம்.

இங்கிலாந்தில் கொஸ்ஃபோர்ட் விமான அருங்காட்சியகத்தில் நீ எடுத்து அனுப்பிய படத்தை நேற்று இரவு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "இதுதானே அந்தப் புக்காரா?" என்று கேட்டிருந்தாய். அதேதான், ஆர்ஜென்டீனா செய்த தரைத்தாக்குதல் விமானம். நீ பார்த்தது 1982இல் ஃபோக்லாந்துப் போரில் பிரித்தானியர் ஆர்ஜென்டீனாவிடமிருந்து கைப்பற்றியது. எங்கள் தலைக்கு மேல் சுற்றியவை, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த நாட்டுக்கு வாங்கிய 4 விமானங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் நின்று படித்த காலம் உனக்குத் தெரியும். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கருக்குள் குந்தியிருந்து, சத்தத்தை வைத்தே எது வருகிறதென்று சொல்லிவிடுவோம். ஜெற் இரைந்துகொண்டு வந்த கையோடு போய்விடும். புக்காரா போகாது, வட்டமடிக்கும். அந்த இரண்டு விசிறிகளின் சத்தம் கேட்டதும் வீட்டுக்கார அக்கா கொடியில் காயும் வெள்ளைப் பள்ளிக்கூட உடுப்புகளை இழுத்துக்கொண்டு ஓடிவருவா.

அப்படிச் சுற்றுவதற்கென்றே செய்த விமானம் அது என்பது இத்தனை வருடம் கழித்து வாசிக்கும்போதுதான் விளங்குகிறது. முதலில் இயந்திரமே இல்லாமல் ஒரு மாதிரியைச் செய்து, 1967 டிசம்பரில் கிளைடராகப் பறக்கவிட்டிருக்கிறார்கள். இயந்திரத்தோடு பறந்தது 1969 ஓகஸ்ட் 20இல். வேகம் கூடினால் மணிக்கு 500 கிலோமீற்றர். உன் படத்திலேயே பார்: மூக்கு கீழே சரிந்திருக்கிறது, பின் இருக்கை முன்னதைவிட உயரம். எல்லாம் தரை தெரிவதற்காக. தரையில் சண்டை பிடிக்கும் தன் ஆட்களுக்குப் பக்கத்தில் சுடுவதென்றால் விமானி கீழே நன்றாகப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் மெதுவாகப் பறக்க வேண்டும். மெதுவாகப் பறந்தால் கீழிருந்து சூடு வாங்க வேண்டிவரும். அதற்குத்தான் அடியில் கவசம்.

அமெரிக்கர் வியட்நாமில் பட்டுத் தெளிந்ததும் இதுதான். வேகமான ஜெற்றுகள் இருக்க, பழைய விசிறி விமானமான ஸ்கைரெய்டர்தான் மணிக்கணக்காக மேலே நின்று காலாட்படைக்குக் கைகொடுத்தது. அந்த அனுபவத்தில் பிறந்தது அவர்களுடைய ஏ-10 தாக்குதல் விமானம். முதலில் பறந்தது 1972 மே 10இல். 7 குழல் கொண்ட 30 மில்லிமீற்றர் பீரங்கியைச் சுற்றியே உடலை அமைத்தார்கள். விமானி இருப்பது சுமார் 540 கிலோ டைட்டானியத் தொட்டிக்குள். விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ரோலிக் எண்ணெய் அழுத்தம் முழுவதும் போனாலும் கம்பி வழியே கைப்பலத்தால் ஓட்டலாம். 2003 ஏப்ரலில் பக்தாத் மேல் அடிவாங்கிய விமானத்தை அமெரிக்க விமானி கிம் கம்பெல் அப்படித்தான் கொண்டுவந்து இறக்கினார். அதை வாசித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஓர் ஆள் உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

ஆனால் மச்சான், ஒன்று மட்டும் என்னை விடாமல் அரிக்கிறது. மூக்கைச் சரித்து, இருக்கையை உயர்த்தி, இவ்வளவு பார்வையைக் கொடுத்த பிறகு, அந்தக் கொடியில் கிடந்த சின்னச் சட்டைகள் மேலே இருந்தவருக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? அக்காவிடமும் இதைக் கேட்டேன். அவ பதில் சொல்லவில்லை, தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டா.

இப்போதும் சீனன்குடாவிலிருந்து பயிற்சி விமானம் எழும்பினால் கை வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிறேன்.

திரும்ப அங்கே போனால் எனக்காக ஒன்று செய். விட்டால், அதன் அடியில் குனிந்து வயிற்றுப் பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான்.

அன்புடன்,
ரவி