இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து அப்பாவுக்கு: வீட்டு போன் பில் சமாசாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்ப்பதோடு விடாமல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

போன வாரம் வீடியோ காலில் "அந்த ஊரில் வீட்டு போனுக்கு என்ன வாங்குகிறான், எப்படிக் குறைக்கிறார்கள்" என்று கேட்டீர்களே, பாப்பா அழுததில் பதில் பாதியில் நின்றுவிட்டது. காலமெல்லாம் மன்னார்குடி எக்ஸ்சேஞ்சில் லைன் பார்த்த மனுஷருக்கு மேலோட்டமாகச் சொன்னால் பிடிக்காது என்று தெரியும், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. சில வருஷம் முன்புவரை இங்கே இன்டர்நெட் வேண்டும் என்றால் பெரும்பாலும் போன் லைனுக்கும் வாடகை கட்டியே ஆகவேண்டும், ரிசீவரைக் கையால் தொடாவிட்டாலும் சரி. இப்போது போன் இல்லாத பிராட்பேண்ட் தனியாகவே கிடைக்கிறது. செல்போனுக்குக் கைப்பேசியைத் தவணையில் தலையில் கட்டாத வெறும் சிம் திட்டம் எடுத்திருக்கிறோம். மாதம் 10 பவுண்டுக்குள் உள்நாட்டுப் பேச்சு முழுக்க அடங்கிவிடுகிறது. இதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, வேண்டாததை வாங்கவில்லை, அவ்வளவுதான்.

சிக்கல் எல்லாம் பக்கத்து வீட்டுப் பாட்டி மாதிரி ஆட்களுக்கு. எண்பதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார், செல்போன் பிடிக்காது, 0116 என்று தொடங்கும் அந்த எண்ணைத்தான் உறவுக்காரர்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஒருநாள் பில்லை எடுத்துக்கொண்டு வந்து "நீ படித்த பெண், இதைக் கொஞ்சம் பார்" என்றார். பார்த்தால் இன்டர்நெட்டே இல்லாத வெறும் போனுக்கு 40 பவுண்டுக்கு மேல்! கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கள். வரி வரியாகப் பார்த்தோம்.

லைன் வாடகை ஒரு பக்கம். அதற்குக் கீழே வாய்ஸ்மெயிலுக்கு ஒரு தொகை, அழைப்பவர் எண் தெரிவதற்கு ஒரு தொகை, கால் வெயிட்டிங்குக்கு ஒரு தொகை. மேஜைமேல் கேசட் போட்ட பழைய ஆன்சரிங் மெஷின் ஒன்று நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது, அப்புறம் எதற்கு வாய்ஸ்மெயில்? கடைசியாக வந்த அழைப்பு யாருடையது என்று தெரிய 1471 அடித்தால் போதும். அந்த மூன்றையும் எடுக்கச் சொல்வதென்று முடிவு செய்தோம்.

அடுத்தது பேச்சுக் கட்டணம். அவருடைய திட்டத்தில் சனி, ஞாயிறு மட்டும் இலவசம். ஆனால் தங்கையோடு அவர் பேசுவது வார நாளில், காலை பத்து மணிக்கு, மணிக்கணக்கில். அப்படிப் பேசினால் நிமிடத்துக்கு இவ்வளவு என்பது போக, எடுத்தவுடனே இணைப்புக்கென்று ஒரு தொகையும் விழுகிறது. எல்லா நேரமும் இலவசம் என்ற திட்டத்துக்கு மாறினால் மாதம் சில பவுண்டு கூடும், ஆனால் பேச்சுக் கட்டணம் அப்படியே மறைந்துவிடும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: இலவசம் என்பது பெரும்பாலும் ஓர் அழைப்புக்கு 60 நிமிடம் வரைதான், அதற்கு மேல் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். வைத்துவிட்டு மறுபடி அடித்தால் புதுக் கணக்கு. பாட்டி இப்போது கேக் வேகவைக்கும் கடிகாரத்தில் 55 நிமிடம் வைத்துக்கொண்டுதான் தங்கையைக் கூப்பிடுகிறார், மணி அடித்ததும் சொல்லிக்கொண்டிருக்கும் கதையை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்ப டயல் செய்கிறார்.

உங்களுக்குக் கோபம் வரப்போகிற இடம் இனிமேல்தான். இங்கே 084, 087 என்று தொடங்கும் எண்களுக்கு இரண்டு கட்டணம், நம்முடைய கம்பெனி வாங்குவது ஒன்று, எண்ணை வைத்திருப்பவருக்குப் போவது ஒன்று. இரண்டாவது மட்டுமே 087 எண்ணில் நிமிடத்துக்கு 13 பென்ஸ் வரை போகலாம். இலவசத் திட்டத்தில் இவை பெரும்பாலும் சேராது. ஏற்கெனவே பொருள் வாங்கியவர் குறை சொல்லக் கூப்பிட்டால் சாதாரணக் கட்டணத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2014-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆகவே அதே கடைக்கு 03 என்று தொடங்கும் எண் ஒன்று எங்காவது இருக்கும், தேடினால் கிடைக்கும். 03-க்கு உள்ளூர் லைனுக்கு ஆகும் அதே கட்டணம்தான். 0800 இலவசம்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது 118 என்று தொடங்கும் விசாரணை எண்கள். நம் ஊரில் 197 அடித்து நம்பர் கேட்போமே, அதே வேலை. இங்கே ஆஃப்காம் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் உச்சவரம்பு வைத்த பிறகும் 90 விநாடிக்கு 3 பவுண்டு 65 பென்ஸ் வரை வாங்கலாம்! பாட்டி மருந்துக் கடை நம்பருக்காக அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். வேண்டிய எண்களை எல்லாம் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி போனுக்கு மேலே ஒட்டிவிட்டேன்.

இதற்குப் பிறகுதான் கம்பெனியைக் கூப்பிட்டோம். ஒப்பந்தம் முடிவதற்கு 10 முதல் 40 நாள் முன்பாக "முடியப்போகிறது, எங்களிடம் உள்ள நல்ல விலை இது" என்று அவர்களே தெரிவிக்கவேண்டும் என்பது 2020-லிருந்து விதி. பாட்டி அந்தக் கடிதங்களை விளம்பரம் என்று நினைத்துப் பிரிக்காமலே அடுக்கி வைத்திருந்தார். "வேறு கம்பெனிக்குப் போகிறோம்" என்று சொன்னதும் குரல் மாறிவிடுகிறது அப்பா, வேறு பிரிவுக்கு மாற்றுகிறார்கள், அங்கே இருப்பவருக்கு விலையைக் குறைக்கும் அதிகாரம் இருக்கிறது. பேரம் பேசுவது இந்த ஊரில் கேவலம் என்று பாட்டி நெளிந்தார். நம்ம பந்தலடிக் கடைத்தெருவில் அம்மாவோடு சுற்றியவளுக்கு அதெல்லாம் ஏது!

சும்மா இருப்பவரிடம்தான் அதிகம் வாங்குகிறார்கள் என்பது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 2017-இல் ஆஃப்காமே இதை ஆராய்ந்தது. இன்டர்நெட் இல்லாமல் போன் மட்டும் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், கம்பெனி மாறாதவர்கள், அவர்களுக்கு வாடகை ஏறிக்கொண்டே போயிருந்தது. அதன் பிறகுதான் பிடி (பிரிட்டிஷ் டெலிகாம்) நிறுவனம் 2018 ஏப்ரலிலிருந்து அவர்களுக்கு வாடகையை 18.99 பவுண்டிலிருந்து 11.99 ஆக இறக்கியது. இது போக, வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட் என்ற உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு சில கம்பெனிகளில் சலுகைத் திட்டமே தனியாக இருக்கிறது, கேட்டால்தான் கொடுப்பார்கள். பாட்டிக்கு அது கிடைக்குமா என்று இப்போது விண்ணப்பித்திருக்கிறோம்.

இனி உங்கள் தொழில் பக்கத்துச் சமாசாரம். இங்கே செம்புக் கம்பியில் ஓடும் போனையே மூடப்போகிறார்கள். 2023 செப்டம்பரோடு புதிய லைன் கொடுப்பதை நிறுத்தியாயிற்று, 2027 ஜனவரிக்குள் எல்லாமே இன்டர்நெட் வழிக்கு மாறவேண்டும். போனைச் சுவரில் செருகாமல் ரவுட்டரின் பின்னால் செருகவேண்டும். எக்ஸ்சேஞ்ச் பேட்டரி ரூமிலிருந்து கம்பியில் வரும் 48 வோல்ட் இனி கிடையாது, கரண்ட் போனால் போனும் போச்சு. லேண்ட்லைனை மட்டுமே நம்பி இருப்பவர்களுக்கு அவசர அழைப்புக்காக ஒரு மணி நேரமாவது தாங்கும் ஏற்பாட்டை கம்பெனி இலவசமாகத் தரவேண்டும் என்கிறார்கள். பாட்டி கழுத்தில் ஆபத்துக்கு அழுத்தும் பொத்தான் மாட்டியிருக்கிறார், அது போன் வழியாகத்தான் வேலை செய்கிறது. அதனால் அவரிடம் மட்டும் ரொம்ப மலிவான வழி எதையும் நான் சொல்லவில்லை.

அந்த மலிவான வழியை நம் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு உங்கள் மாப்பிள்ளை செய்து கொடுத்தார். சுமார் 40 பவுண்டுக்கு ஒரு சின்ன அடாப்டர் பெட்டி, அதை ரவுட்டரில் இணைத்து, பழைய போனை அதில் மாட்டி, எண்ணை ஓர் இணைய போன் கம்பெனிக்கு மாற்றினார்கள். மாதம் ஒன்றிரண்டு பவுண்டு, பேசினால் பேசியதற்கு மட்டும். டயல் டோன் வந்தது, பேச முடிந்தது, ஆனால் மணி மட்டும் அடிக்கவே இல்லை! இங்கே மணி அடிக்கத் தேவையான கண்டென்சர் என்ற சின்ன மின்பாகம் போனுக்குள் இல்லை, சுவரில் உள்ள முதல் சாக்கெட்டுக்குள் இருக்கிறதாம், சாக்கெட்டைத் தாண்டிவிட்டால் மணி செத்துவிடும். கண்டென்சர் வைத்த குட்டி இணைப்பான் ஒன்றை வாங்கி நடுவில் போட்டதும் அலறியது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பீர்கள். இன்னொன்று, எண்ணை மாற்றும்போது பழைய லைனை நாமே ரத்து செய்யக்கூடாது, புதுக் கம்பெனிதான் கேட்டு எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் எண் கையை விட்டுப் போகலாம். அதே லைனில் பிராட்பேண்டும் ஓடினால் சேர்ந்து அறுந்துவிடும், முன்பே விசாரிக்கவேண்டும்.

உங்கள் லேண்ட்லைனுக்கு நான் இத்தனை நாள் ஸ்கைப்பில் பேசிக்கொண்டிருந்தேன், அதை 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். இப்போதைக்கு வாட்ஸப்தான். ஆனால் பெரியம்மா வீட்டில் லேண்ட்லைன் மட்டும்தானே, அதற்கு வேறு ஓர் இணைய அழைப்புச் சேவையில் பணம் போட்டு வைத்திருக்கிறேன், ஞாயிறு உங்கள் ஊர் நேரம் மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லிவிடுங்கள். பிஎஸ்என்எல்காரர்கள் செம்பை எடுத்துவிட்டு ஃபைபர் போட வந்தால் பழைய எண்ணையே கேட்டு வாங்குங்கள், ஃபைபரோடு வரும் பெட்டியின் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கச் சொல்லுங்கள். பக்கத்து மாடி எலக்ட்ரீஷியன் தம்பி செய்துவிடுவார், நீங்கள் ஸ்டூல் போட்டு ஏறவேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகள்