மூன்று நாடு வேண்டாம், இரண்டு போதும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் படித்தேன். ஏப்ரல் கடைசி வாரம் கிளம்பி 13 இரவில் மாலத்தீவு, சுவிட்சர்லாந்து, ஜப்பான். விடுதிகள் எல்லாம் நல்ல தேர்வு. கோளாறு தேதியிலும் வரிசையிலும்தான் இருக்கிறது.

முதலில் தேதி. ஜப்பானில் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை பல அரசு விடுமுறைகள் வரும். கோல்டன் வீக் என்பார்கள். நாடே ரயிலில் இருக்கும், அறை வாடகையும் ஏறியிருக்கும். சுவிட்சர்லாந்தில் அந்தச் சமயம் பனிச்சறுக்கு முடிந்து கோடை தொடங்காத இடைக்காலம். பல மலை விடுதிகள் மூடியிருக்கும், கேபிள் கார்களைப் பராமரிப்புக்கு நிறுத்தியிருப்பார்கள். மாலத்தீவில் மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். மூன்று நாட்டுக்கும் பொருந்தாத ஒரே வாரத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாய்!

பெரியவனுக்கு இன்னும் பள்ளி தொடங்கவில்லை. அப்படியிருக்க விடுமுறைக் கூட்டத்தோடு ஏன் போக வேண்டும்? மார்ச் முதல் பாதியில் போங்கள். ஆல்ப்ஸில் பனி இருக்கும், பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளிகள் விடும் பனிக்கால விடுமுறைக் கூட்டம் பெரும்பாலும் வடிந்திருக்கும், மாலத்தீவிலும் வறண்ட பருவம். இன்னொரு லாபமும் உண்டு. சின்னவளுக்கு மே 1 அன்று இரண்டு வயது முடிகிறது. உன் தேதிப்படி போனால், போகும்போது கைக்குழந்தை, திரும்பும்போது தனி இருக்கை டிக்கெட் வாங்க வேண்டிய பயணி. விமான நிறுவனங்கள் வயதை ஒவ்வொரு பயணத் தேதியிலும் பார்க்கும். மார்ச்சில் அந்தச் சிக்கல் இல்லை. மாலத்தீவில் தங்கும் பயணிகளிடம் வாங்கும் பசுமை வரியும் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கிடையாது.

ஜப்பானை இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடு. மார்ச்சில் சுவிட்சர்லாந்துக்கும் மாலத்தீவுக்கும் 4 மணி நேரம்தான் வித்தியாசம், டோக்கியோவுக்கு 8 மணி நேரம். கிழக்கு நோக்கிப் போகும்போது உடம்பு ஏறக்குறைய நாளுக்கு ஒரு மணி நேரம்தான் சரிக்கட்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து விளையாட்டு கேட்கும் நான்கு வயதுக்காரனை வைத்துக்கொண்டு எந்த ஐந்து நட்சத்திர விடுதியிலும் சுகப்பட முடியாது. விடுதி மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு பகல் போய்விடுகிறது: 11 அல்லது 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த அறை 3 மணிக்குத்தான் கிடைக்கும். சொகுசுப் பயணம் கெடுவது பெரும்பாலும் இந்த இடைவெளிகளில்தான். பணத்தை அங்கே போடு. அறையின் வகையை ஒரு படி குறைத்தாலும் பரவாயில்லை.

வரிசை: முதலில் சுவிட்சர்லாந்து, பிறகு மாலத்தீவு. அலைச்சல் முன்னால், ஓய்வு பின்னால்.

உங்கள் விமானம் ஜூரிக்கில் காலை 6 மணிக்கு இறங்கினால் முந்தைய இரவுக்கும் அறையை எடுத்துவிடு. வீண் செலவு போலத் தெரியும். இரவெல்லாம் விமானத்தில் வந்த இரண்டு குழந்தைகளோடும் சம்பந்தி அம்மாவோடும் வரவேற்பறை சோபாவில் 9 மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் மதிப்பு தெரியும். ஆனால் விடியற்காலைதான் வருவோம் என்று விடுதிக்கு எழுத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அன்றிரவு நீங்கள் வரவில்லை என்று பதிந்து, மொத்த முன்பதிவையும் ரத்து செய்துவிடும் ஆபத்து உண்டு.

அறை விஷயத்தில் ஒரு சொல்லைக் கவனி. கனெக்டிங் ரூம் என்றால் இரண்டு அறைகளுக்கும் இடையே உள்ளேயே கதவு இருக்கும். அட்ஜாயினிங் என்றால் பக்கத்து அறை, அவ்வளவுதான். நடைபாதை வழியாகத்தான் போக வேண்டும். உன் முன்பதிவில் 'கோரிக்கை' என்று இருக்கிறது. கோரிக்கை உறுதி ஆகாது. அன்றைக்குக் காலியாக இருந்தால் கொடுப்பார்கள். ஹில்டன் குழுமம் 2021 முதல் பல விடுதிகளில் முன்பதிவின்போதே இதை உறுதி செய்யும் வசதி வைத்திருக்கிறது. மற்ற இடங்களில் முன்பதிவுத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பி, இரண்டு அறைகளும் இணைந்தவை, உறுதி என்று பதில் வாங்கி வைத்துக்கொள். குழந்தைக் கட்டில் போட்டால் அறையின் ஆள் வரம்பைத் தாண்டுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடு.

சுவிட்சர்லாந்தில் ரயிலே போதும், கார் தேவையில்லை. செர்மாட் என்ற மலையூரில் எப்படியும் பெட்ரோல் கார்களுக்கு அனுமதியில்லை. டேஷ் ஊரிலேயே நிறுத்திவிட்டு ரயில் ஏற வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ரயில் டிக்கெட் இல்லை. பெட்டிகளைத் தனியே அனுப்பும் சேவை சுவிஸ் ரயில்வேயில் உண்டு, ஆனால் அன்றே வந்து சேராது. இடையில் வரும் இரவுகளுக்கு ஒரு சிறு பை கையில் இருக்கட்டும்.

கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்ற மலைக்காட்சி ரயிலில் எக்ஸலன்ஸ் என்ற உயர் வகுப்பு எழுதியிருக்கிறாய். அதை நீயும் மாப்பிள்ளையும் மட்டும் போகும் ஒரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு 20 இருக்கைகள்தான், எல்லோருக்கும் சன்னலோரம். அதாவது ஒருவர் எதிரே ஒருவர். குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைக்க இடமில்லை. செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸுக்கு ஏறக்குறைய 8 மணி நேரம் வேறு. அந்த வழியின் மிக அழகான பகுதி வேண்டுமென்றால் கூர் நகரிலிருந்து செயின்ட் மோரிட்ஸுக்கு மணிக்கொரு முறை ஓடும் சாதாரண ரயிலின் முதல் வகுப்பில் ஏறுங்கள். சுமார் 2 மணி நேரம்தான். 65 மீட்டர் உயர லான்ட்வாசர் பாலத்தை அதுவும் கடக்கிறது.

யுங்ஃப்ராயோக் என்ற மலையுச்சி ரயில் நிலையம் இருப்பது 3,454 மீட்டர் உயரத்தில். அந்த உயரத்தில் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். சின்னவளை மேலே கொண்டுபோக வேண்டாம். சம்பந்தி அம்மா போக விரும்பினால் முதலில் அவர்களுடைய மருத்துவரைக் கேட்கட்டும். ஒருவர் கீழே கிரிண்டல்வால்டில் குழந்தையோடு இருந்தால் மற்றவர்கள் ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரிலும் அதன்பின் ரயிலிலும் ஏறிப் போய் வரலாம்.

இனி மாலத்தீவு. இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது கடல் விமானம். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் பன்னாட்டு விமானம் மாலேயில் மாலை மூன்றரைக்கு மேல் இறங்கினால் அன்று ரிசார்ட்டுக்குப் போக முடியாமல் போகலாம். அந்த இரவுக்கு ரிசார்ட்டில் கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பாது. திரும்பும்போதும் அப்படித்தான். அதிகாலை விமானம் என்றால் முந்தைய இரவே மாலேக்கு வந்துவிட வேண்டும். ஆகவே நண்பகலுக்கு முன் இறங்கும் விமானத்தையும், பிற்பகல் அல்லது இரவில் கிளம்பும் விமானத்தையும் பார்த்து எடு. கடல் விமானத்தின் நேரத்தை முந்தைய நாள் மாலைதான் சொல்வார்கள், அதற்காகப் பதறாதே.

எடை வரம்பு ஆளுக்கு வழக்கமாக 20 கிலோ, கைப்பை 5 கிலோ. சுவிட்சர்லாந்துக் குளிராடைகளோடு இதைத் தாண்டுவீர்கள், கூடுதல் எடைக்குப் பணம் ஒதுக்கிவிடு. சம்பந்தி அம்மாவின் முழங்காலை நினைத்தால் எனக்குக் கடல் விமானமே யோசனைதான். ஆடும் மிதவை மேடையிலிருந்து குறுகலான படியேறி, குனிந்து உள்ளே போக வேண்டும். மாலேயிலிருந்து வேகப்படகில் அரை மணிக்குள் அடையக்கூடிய ரிசார்ட்டாக மாற்றினால் ஏறுவதும் எளிது, இரவில் வந்தாலும் பிரச்சினையில்லை, செலவும் குறையும்.

கடல்மேல் வில்லாவை விட்டுவிடு. அதன் மரத்தளத்திலிருந்து படிகள் நேரே ஆழத்துக்கு இறங்கும். பல இடங்களில் கைப்பிடிச் சுவரே கிடையாது. குறிப்பிட்ட வயதுக்குக் கீழ் குழந்தைகளை அங்கே தங்கவிடாத ரிசார்ட்டுகளும் நிறைய. கடற்கரை வில்லா எடு. தனி நீச்சல் குளம் இருந்தால் அதற்குத் தடுப்பு வேலி போட்டுத் தருவார்களா என்று கேள்.

விலையில் இரண்டு கூட்டல் குறி இருப்பதைப் பார்த்திருப்பாய். 10 சதவீத சேவைக் கட்டணம், அதன்மேல் 17 சதவீத சுற்றுலா வரி. 1,000 டாலர் என்று போட்டிருப்பது 1,287 ஆகும். பசுமை வரி ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் தனி. சாப்பாட்டுத் திட்டத்தை முன்பே எடு. தீவில் இறங்கிய பின் வேறு கடை கிடையாது. ஐமுகா என்ற பயணி அறிவிப்புப் படிவத்தை வந்து இறங்கும் நேரத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளமில்லை.

ஆவணங்கள். எல்லோருடைய கடவுச்சீட்டும் திரும்பி வரும் நாளுக்குப் பிறகு ஆறு மாதம் செல்லுமா என்று பார். குழந்தைகளுடையதை முதலில் பார், பல நாடுகளில் அதற்கு ஆயுள் குறைவு. பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் சுவிட்சர்லாந்தும் இருப்பதால் விசா தேவைப்படுவோர் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். அந்தத் தொகை விசாவுக்குப் போதும், மலையிலோ தீவிலோ அவசரமாக மருத்துவமனைக்குத் தூக்கிப்போகும் செலவுக்குப் போதாது. மருத்துவ இடமாற்றம் சேர்ந்த காப்பீட்டை, முதல் முன்பணம் கட்டும் அதே வாரத்தில் வாங்கு. சம்பந்தி அம்மாவின் பழைய நோய்களை மறைக்காமல் எழுது; மறைத்தால் காப்பீட்டுப் பணம் கேட்கும்போது அதைக் காட்டியே மறுப்பார்கள். மாப்பிள்ளை இரண்டு நாள் கழித்துத்தான் வந்து சேர்வார் என்றால், குழந்தைகளை நீ தனியே அழைத்துப் போவதற்கு அவர் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழ்களும் உன் கைப்பையில் இருக்கட்டும்.

சக்கர நாற்காலியை விமான நிறுவனத்திடம் குறைந்தது 48 மணி நேரம் முன்பு பதிவு செய். ஏறும் இடம், மாறும் இடம், இறங்கும் இடம் மூன்றுக்கும் சேர்த்துச் சொல். எல்லோரையும் ஒரே முன்பதிவு எண்ணில் போடு. தனித்தனியாக இருந்தால் விமானம் தவறும்போது குடும்பத்தைப் பிரித்து வெவ்வேறு விமானங்களில் ஏற்றிவிடுவார்கள்.

விடுதியில் வந்ததும் அட்டையில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். டெபிட் அட்டை கொடுத்தால் அந்தப் பணம் திரும்பப் பல நாளாகும். கிரெடிட் அட்டையே கொடு. உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர்ப் பணத்தில் கட்டு.

மார்ச் தேதிகளுக்குக் காலியிடம் இருக்கிறதா என்று இந்த வாரமே பார். இப்போதுள்ள முன்பதிவுகளைக் கட்டணமில்லாமல் ரத்து செய்யக் கடைசி நாள் என்ன என்பதை ஒவ்வொன்றிலும் பார்த்துவிட்டுப் பிறகு மாற்று. மாலத்தீவு ரிசார்ட்டுகளில் அந்தக் கெடு மற்றவற்றைவிட முன்னதாகவே வந்துவிடும்.

அன்புடன்,
அப்பா