7 பேர்ச்சில் என்ன நடலாம்

அன்பு மகன் தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நல்ல சுகம். அப்பாவுக்குத்தான் குளிர் ஏற ஏற முழங்கால் வலியும் ஏறுகிறது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு சமாளிக்கிறார். போன வெள்ளிக்கிழமை நீ போனில் "பேராதனை போனீங்களாமே, என்னம்மா பார்த்தீங்க?" என்று கேட்டாய். சொல்ல வாயெடுப்பதற்குள் உன்னை டியூட்டிக்குக் கூட்டிப்போகிற பஸ் வந்துவிட்டது. அந்த ஒரு நாளைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். லீவு கிடைக்கிற நாளில் ஆறுதலாகப் படி. கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்டிருக்கிறேன், அதற்கு மட்டும் மறக்காமல் பதில் சொல்லு.

கூப்பிட்டது தங்கச்சிதான். "நம்ம 7 பேர்ச் காணிக்கு உறுதி கைக்கு வந்து ஆறு மாசமாச்சு, வாசல்ல இன்னும் ஒரு செடி இல்ல. வாங்கம்மா, கன்னொறுவை விவசாயப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க பார்த்துட்டு வந்து நடுங்க" என்றாள். விவசாயம் படிக்கிற பிள்ளை, அவளுக்குத் தெரியாததா. நான் 31 வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கூடை சுமந்தவள். கொழுந்து எடுத்திருக்கிறேன், நாற்றுமேடையில் பை நிரப்பியிருக்கிறேன், புல்லு வெட்டியிருக்கிறேன். ஆனால் இந்த இடத்தில் எதை நடலாம் என்று என்னை யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை தம்பி. அதனால் அன்றைக்கு ராத்திரி அதே யோசனையாகப் படுத்திருந்தேன்.

விடியற்காலையில் புசல்லாவையில் பஸ் ஏறினோம். பேராதனையில் இறங்கும்போது தங்கச்சி வாசலில் நிற்கிறாள். கன்னொறுவை மகாவலி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பேராதனைப் பூந்தோட்டம் இந்தப் பக்கம். "இவ்வளவு தூரம் வந்துட்டு இதைப் பார்க்காமப் போறதா?" என்று அவளே டிக்கட் எடுத்துவிட்டாள். 147 ஏக்கராம். ஆறு வளைந்து போய் மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது. ஆற்றோரத்தில் பர்மாவிலிருந்து வந்த ராட்சத மூங்கில் புதர். ஒவ்வொன்றும் 100 அடி நிற்கும், மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு ஓர் அடி வரை வளருமாம். அப்பா ஒரு மூங்கிலைக் கட்டிப் பார்த்துச் சிரித்தார்.

எல்லா மரத்தையும் எழுதினால் இந்தக் கடதாசி போதாது. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று இரட்டைத் தேங்காய். சீஷெல்ஸ் தீவு மரம். பனை மாதிரி இருக்கிறது, ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. அந்தக் காய் முற்றுவதற்கு 5 வருஷத்திலிருந்து 7 வருஷம் வரை எடுக்குமாம். நீ கட்டாருக்குப் போய் 4 வருஷம். நீ புறப்பட்ட மாசத்தில் பிஞ்சு பிடித்த காய் ஏதாவது இருந்தால், அது இன்னும் முற்றாமல் அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த மரத்துக்குக் கீழே நான் கொஞ்ச நேரம் நின்றேன். தங்கச்சி "என்னம்மா?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மற்றது நாகலிங்கம். 1901ஆம் ஆண்டில் இங்கிலாந்து இளவரசரும் மனைவியும் நட்ட மரமாம். அவர்தான் பிறகு ஐந்தாம் ஜோர்ஜ் ராஜா ஆனவர். பீரங்கிக் குண்டு மாதிரி காய் அடிமரத்திலேயே கயிறு கயிறாகத் தொங்குகிறது. கீழே ஒரு பூ புதிதாக விழுந்து கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சிவந்த தடித்த இதழ்கள், நடுவில் லிங்கம், மேலே நாகம் படமெடுத்தது போல ஒரு மடல். வாசம் கையில் சாயங்காலம் வரை இருந்தது. பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா, என் வயதுதான், அவரும் ஒன்றைப் பொறுக்கிக் கைலேஞ்சியில் சுற்றினார். "சல் மல்" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். புத்தருக்கு வைக்கக் கொண்டுபோகிறார். நான் கோயிலுக்கு என்று கையால் காட்டினேன். அந்த மரத்தின் சொந்த ஊர் தென் அமெரிக்கா என்று தங்கச்சி சொன்னாள். நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு புல்வெளியில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். அங்கே அவள் சொன்ன கதையைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தோட்டம் பொழுதுபோக்குக்காக வைத்த தோட்டமில்லையாம். 1821ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் மூன் என்கிற வெள்ளைக்காரர் தொடங்கியபோது கோப்பியும் கறுவாவும்தான் முதலில் நட்டார்களாம். வெளிநாட்டிலிருந்து ஒரு செடியைக் கொண்டுவந்து, இந்த மண்ணுக்கு ஒத்துவருகிறதா என்று வைத்துப் பார்க்கிற இடம். 1824இல் சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலையை வைத்ததும் இங்கேதான். அப்போது கோப்பிதான் ராஜா, தேயிலையை யாரும் சீண்டவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்கிற வெள்ளைக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் போட்ட பிறகுதான் அது தோட்டப் பயிரானது. 1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் மாதிரி ஒரு நோய் கண்டது. பேராதனைக்குப் பொறுப்பாக இருந்த த்வெய்ட்ஸ் அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பார்த்தார். பார்த்து என்ன, 20 வருஷத்துக்குள் மலை மலையாகக் கோப்பி போய்விட்டது. அந்த வேர்களைப் பிடுங்கித் தேயிலை போட்ட கைகள் யாருடையவை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

றப்பரும் அப்படித்தான். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1,919 கன்று கப்பலில் வந்ததாம், கம்பஹாவில் நட்டார்களாம். கடல் உப்பும் காற்றும் படாமலிருக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணோடு வைத்து, ஈரம் குறையாமல் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டு போகிறாள். எனக்கு என் அப்பாயி ஞாபகம் வந்துவிட்டது. அப்பாயியின் பாட்டி மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியாக நடந்து வந்தவள். கூட வந்த தங்கையை வாந்திபேதியில் வழியிலேயே விட்டுவிட்டு வந்தாள். அந்தக் கதையை அப்பாயி ஒவ்வொரு முறை சொல்லும்போதும் "ஒரு வாய் தண்ணி இல்லடி" என்றுதான் முடிப்பார். செடிக்குக் கண்ணாடிப் பெட்டி. எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்சலை மடித்து வைத்துவிட்டேன். தங்கச்சி பேச்சை நிறுத்திவிட்டாள், பாவம். அவள் மேல் என்ன பிழை. "சொல்லு பிள்ள, இதெல்லாம் தெரியத்தான் உன்னப் படிக்க வச்சோம்" என்றேன்.

கன்னொறுவைக்கு த்ரீவீலரில் போனோம். விவசாயத் திணைக்களத்தின் பூங்கா அது. பூந்தோட்டத்தில் நான் விருந்தாளி மாதிரி நடந்தேன். இங்கே வந்ததும் எனக்குக் கால் தானாகவே நடந்தது. கத்தரி, மிளகாய், போஞ்சி, கொடித்தோடை எல்லாம் பாத்தி பாத்தியாக நிற்கிறது. வீட்டுத்தோட்டம் என்று போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கண்டிப் பக்கத்து வீட்டு வளவு மாதிரி அடுக்கு அடுக்காக: மேலே பலாவும் தென்னையும், நடுவே கராம்பும் கமுகும், கிளிரிசிடியா கம்பில் மிளகுக் கொடி, அதன் நிழலில் கோப்பி, தரையில் இஞ்சியும் மஞ்சளும். இடமில்லாதவர்களுக்கு உரப்பையில் இஞ்சி, தட்டுத் தட்டாகக் கீரை. நான் கேட்காமல் விடவில்லை. நம்ம உயரத்துக்கு எது வரும், எது வராது என்று அங்கே வேலை செய்கிறவர்களைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். தங்கச்சி எழுதிக்கொண்டாள்.

அங்கே ஒரு பிள்ளை ஒட்டுக்கன்று கட்டிக்கொண்டிருந்தாள். பட்டர் புரூட், அவகாடோ என்கிறார்களே, அது. பென்சில் தடிமன் கன்றை ஒரு சாண் உயரத்தில் தலையை வெட்டி, நடுவில் ஒரு அங்குலம் பிளந்தாள். நல்ல தாய் மரத்திலிருந்து எடுத்த குருத்துக் கம்பை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கி, பிளவுக்குள் இறக்கினாள். பட்டையும் பட்டையும் ஒட்ட வேண்டும், அதுதான் விஷயம். பொலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலே இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு பையை மாட்டிக் கட்டினாள். எல்லாம் இரண்டு நிமிஷம். நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு கத்தியை நீட்டினாள். வாங்கி ஒரு கம்பைச் சீவினேன் தம்பி. கவ்வாத்து வெட்டுகிறவர்களை எத்தனை வருஷம் பார்த்திருப்பேன், வெட்டு ஒரே இழுப்பில் வர வேண்டும், பிசிறு நிற்கக் கூடாது. அவள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "ஹொந்தாய்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று அப்பாவைக் கேள். மூன்று நாலு வாரத்தில் துளிர் வருமாம், நட்டால் மூன்று நாலு வருஷத்தில் காய்க்குமாம்.

வெளியே பெண்கள் நடத்துகிற ஹெல போஜுன் கடையில் குரக்கன் ரொட்டி சாப்பிட்டு இலைக்கஞ்சி குடித்தோம். அவர்களே சமைத்து அவர்களே விற்கிறார்கள். கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

கட்டித் தயாராக இருந்த ஒட்டுக்கன்று ஒன்று வாங்கிக்கொண்டு வந்தோம், பட்டர் புரூட்தான். ஏன் அதை எடுத்தேன் என்று உனக்குத் தெரியும். லயத்து வீட்டுக்குப் பின்னால் அப்பா வைத்த மரம், நீ ஏறி விழுந்து கை முறித்த மரம். பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது, தோட்டத்துக் காணியில் மரம் வைக்க உங்களுக்கு யார் சொன்னது என்று ஆள் அனுப்பி வெட்டினார்கள். அப்பா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து, அந்த விறகைக்கூட அடுப்புக்கு வைக்க விடவில்லை. இனி யாரும் வந்து கேட்க முடியாது. உறுதியில் அப்பா பெயரும் என் பெயரும் இருக்கிறது.

இப்போது கணக்கு. ஒரு பேர்ச் 272 சதுர அடி, 7 பேர்ச் என்றால் 1,900 சொச்சம். வீடு 550. மிச்சம் 1,350 சதுர அடி. தங்கச்சி நாடா பிடித்து அளந்து கொப்பியில் படம் கீறியிருக்கிறாள், போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். கீழ்ப்பக்கத்து மண்கட்டில் இரண்டு மிளகு. குசினி வாசலில் கறிவேப்பிலை. குளியலறைத் தண்ணீர் போகிற பக்கம் வாழை. பின்னால் இரண்டு கோப்பிச் செடி வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார், காய் பறித்துக் காயவைத்து நாமே இடித்துக் குடிக்கலாமாம். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

பட்டர் புரூட்டுக்குத்தான் இடம் தெரியவில்லை. கிளை விட்டால் இருபது அடி கேட்கும். நல்ல இடம் வலப்பக்கம், காலை வெயில் விழுகிற பக்கம். ஆனால் நீ கல்யாணம் முடித்து வரும்போது ஓர் அறை இழுத்துக் கட்டணும் என்று சொன்னாயே, அது வலப்பக்கமா, ரோட்டுப் பக்கமா? உன் அறை எந்தப் பக்கம் வருகிறது என்று சொன்னால் மரத்தை மற்றப் பக்கம் வைப்பேன். கன்று இப்போது தாழ்வாரத்தில் பையோடு நிற்கிறது, நேற்று ஒரு துளிர் விட்டிருக்கிறது. மழை தொடங்கப் போகிறது, அப்பா மண்வெட்டிக்குப் பிடி போட்டு வைத்திருக்கிறார். உன் பதில் வரும் வரை குழி வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் தொப்பி போடாமல் நிற்காதே.

இப்படிக்கு
அம்மா