வெறும் 42

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த முறை சோம்பல் காரணமில்லை, நிஜமாகவே வேலை. நீச்சல் கற்கப்போவதாக எழுதியிருந்தாயே, மிதக்கிறாயா?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். டேட்டாபேஸில் கமெண்டுக்கு ஒரே டேபிள்தான், ஆனால் அது பல டேபிள்களோடு ஒட்ட வேண்டும், எப்படி வைப்பது என்று கேட்டிருந்தாய். நானும் அதில்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கமெண்ட் இல்லை, இணைப்புக் கோப்புகள். எல்லாவற்றுக்கும் ஒரே டேபிள். யாருடையது என்பதற்கு வகை ஒரு புலம், ஐடி ஒரு புலம். வகையில் 'இன்வாய்ஸ்', ஐடியில் 42. ரெயில்ஸ் என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கில் ஒரு வரியில் முடிந்துவிடும், அதே ரகமான லாராவெலிலும் ஜாங்கோவிலும் இதற்கு வசதி உண்டு. கோப்பு ஆப்ஜெக்டிடம் 'நீ யாருடையது' என்று கேட்டால் சரியான ஆப்ஜெக்ட் வந்து நிற்கும். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் டேட்டாபேஸுக்கு அந்த 42 வெறும் எண்தான். ஃபாரின் கீ, அதாவது இந்த எண் அந்த டேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்று டேட்டாபேஸையே காவல் வைக்கும் விதி, ஒரு குறிப்பிட்ட டேபிளைத்தான் சுட்டும். வரிக்கு வரி வேறு டேபிள் என்று சொல்ல அதில் வழியில்லை. மாடல் (நிரலில் டேபிளுக்கான கிளாஸ்) வழியாக இன்வாய்ஸை அழித்தால், அப்போது தானாக ஓடும் கால்பேக் கோப்பையும் துடைத்துவிடும். அவசரத்தில் யாராவது மாடலைத் தாண்டி, டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லில் நேரடியாக அழித்தால்? கோப்பு அநாதை. டேட்டாபேஸ் வாயே திறக்காது.

இதைவிடக் கடுப்பேற்றியது இன்னொன்று. வகைப் புலத்தில் இருப்பது கிளாஸின் பெயர்தான். ஒரு கிளாஸின் பெயரை மாற்றினோம். டெஸ்ட் எல்லாம் பச்சை, ஏனென்றால் டெஸ்ட் தன் டேட்டாவைப் புதுப் பெயரிலேயே உருவாக்கிக்கொள்கிறது! நிஜ டேபிளின் பழைய வரிகளிலோ பழைய பெயர், அந்தப் பெயரில் இப்போது கிளாஸே இல்லை. லாராவெலில் மார்ஃப் மேப் என்று ஒன்று இருப்பது இதற்காகத்தான். கிளாஸ் பெயருக்குப் பதில் நாமே வைத்த சிறு பெயர் டேபிளில் இருக்கும்.

கடைசியில் அந்த இரண்டு புலங்களையும் எடுத்துவிட்டோம். இன்வாய்ஸ் ஐடி, புகார் ஐடி, ஊழியர் ஐடி என மூன்று ஃபாரின் கீ, மூன்றும் நல் (null, அதாவது காலி) ஆகலாம். மூன்றில் சரியாக ஒன்றுதான் நிரம்பியிருக்க வேண்டும் என்று ஒரு செக், அதாவது டேட்டாபேஸே பார்த்துக்கொள்ளும் நிபந்தனை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் நல் இல்லாதவற்றை எண்ணித்தரும் ஃபங்ஷன் 9.6ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது, ஒரு வரி போதும். ஃபாரின் கீ போடப்போனபோது டேட்டாபேஸ் மறுத்துவிட்டது. அநாதைகள் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் எண்ணினோம். அப்புறம் ஒரு சறுக்கல்: அழித்தால் நல் ஆகட்டும் என்று முதலில் வைத்தேன். நல் ஆனதும் செக் உடைந்து, இன்வாய்ஸை அழிக்கவே முடியவில்லை. இப்போது கேஸ்கேட்: இன்வாய்ஸ் போனால் அதன் கோப்பு வரியும் கூடவே போகும்.

வகைகள் ஏழெட்டைத் தாண்டினால் இந்த வழி அசிங்கமாகிவிடும். அப்போது பொதுவாக ஒரு தாய் டேபிள் வைத்து, ஒவ்வொன்றும் அதிலிருந்து தன் ஐடியை எடுத்துக்கொள்ளட்டும். கோப்பு தாயை மட்டும் சுட்டினால் போதும். புதிதாக எதைச் சேர்த்தாலும் இரண்டு இன்சர்ட் (தாயில் ஒன்று, தன் டேபிளில் ஒன்று) என்பதுதான் விலை.

ஆடிட் லாகில் (யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவில்) மட்டும் பழைய வகை-ஐடி ஜோடியை விட்டுவைத்திருக்கிறேன். அழிந்துபோன பொருளைப் பற்றியும் லாக் பேச வேண்டுமே, அங்கே ஃபாரின் கீதான் தொல்லை.

உன் கமெண்டுகள் எத்தனை டேபிள்களோடு ஒட்ட வேண்டும், இனிமேல் எத்தனை கூடும் என்று எழுது. அது தெரியாமல் உனக்கு எது சரி என்று சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்