மீண்டும் மீண்டும் வரும் வெள்ளைப்படுதலுக்கு மூலக்கூறு பரிசோதனை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் வெள்ளைப்படுதல் குறித்து அண்மையில் வெளியான கட்டுரை, வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் செல்லும்படி பெண்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல அறிவுரை, வரவேற்கிறேன். ஆனால் அப்படித் துணிந்து போகிற பெண்ணுக்கு அங்கே என்ன பரிசோதனை நடக்கிறது என்பதைக் கட்டுரை தொடவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து அரசு ஆய்வகங்களில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

நோயாக வரும் வெள்ளைப்படுதலுக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களே உண்டு. பிறப்புறுப்பில் இயல்பாக வாழ்ந்து அமிலத்தன்மையைக் காக்கும் லாக்டோபேசிலஸ் குறைந்து, வேறு பாக்டீரியாக்கள் பெருகுவது பாக்டீரியல் வஜினோசிஸ். அரிப்போடும் தயிர்த்திப்பி போன்ற கசிவோடும் வருவது கேண்டிடா பூஞ்சைத் தொற்று. மூன்றாவது, ட்ரைகோமோனஸ் என்ற ஒட்டுண்ணியால் வருவது. இது உடலுறவின் வழியே பரவுவதால் கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால்தான் தீரும். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் மற்ற இரண்டையும் தொடாது. அவற்றுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. கண்ணால் பார்த்தும் கேட்டறிந்தும் மட்டும் இவற்றைப் பிரித்தறிவது, அனுபவம் மிக்க மருத்துவருக்கும் கடினம். ஒரே பெண்ணிடம் இரண்டு தொற்றுகள் சேர்ந்திருப்பதும் அரிதல்ல.

இந்த இடத்தில்தான் ஆய்வகத்தின் வேலை தொடங்குகிறது. ஸ்வாப் என்ற பஞ்சு சுற்றிய குச்சியில் எடுத்த கசிவை ஒரு சொட்டு உப்புநீரில் கலந்து, சிலைடில் வைத்து, மேலே கண்ணாடித் தகடு மூடி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். ட்ரைகோமோனஸ் உயிரோடு இருந்தால் வெட்டி வெட்டித் துடிக்கும். அந்தத் துடிப்பைக் கொண்டே அதை அடையாளம் காண்கிறோம். சிலைடு பத்து நிமிடம் தாமதித்தாலே அசைவு குறையத் தொடங்கும். ஒரு மணி நேரம் ஆகிவிட்டால், பக்கத்திலுள்ள வெள்ளணுவுக்கும் அதற்கும் வேற்றுமை காண்பது பெரும்பாடு. கசிவு எடுக்கும் அறை ஒரு கட்டடத்திலும் ஆய்வகம் இன்னொரு கட்டடத்திலும் இருந்து, நுட்பநர் ஒருவரே ரத்தம், சிறுநீர், சளி என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும் இடத்தில், அந்த ஸ்வாப் எத்தனை நேரம் தட்டில் காத்திருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உரிய நேரத்தில் பார்த்தாலும் இந்த முறை ஏறத்தாழ பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு ட்ரைகோமோனஸ் தொற்றுகளையே கண்டுபிடிக்கிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு.

பாக்டீரியல் வஜினோசிஸுக்கு 1983-இல் வகுக்கப்பட்ட ஆம்செல் அளவுகோல் இன்றும் செல்லும். நீர்த்த, ஒரே சீரான கசிவு, 4.5-க்கு மேற்பட்ட பி.எச். (அமிலத்தன்மை குறைந்ததைக் காட்டும் அளவு), பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் எழும் மீன் வாடை, மைக்ராஸ்கோப்பில் தெரியும் க்ளூ செல் (மேலெல்லாம் பாக்டீரியா ஒட்டிய உயிரணு) ஆகிய நான்கில் மூன்று இருந்தால் நோய் உறுதி. ஆனால் பி.எச். தாளும் மைக்ராஸ்கோப்பும் அதைப் பார்க்க ஓர் ஆளும் வேண்டுமே. அந்த மீன் வாடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் கடற்கரையில் மீன் சுமந்து விற்கும் பெண்களில் சிலர், அது தொழிலால் ஒட்டிக்கொண்ட வாடை என்று எண்ணி, ஒரு வாரத்து மாத்திரையில் தீரக்கூடிய தொல்லையை ஆண்டுக்கணக்காகப் பொறுத்திருந்ததை நான் கேட்டிருக்கிறேன்.

ஆய்வக வசதி இல்லாத இடங்களுக்காகவே, நோய்க்குறிகளை வைத்துச் சிகிச்சை தரும் முறை வந்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் பச்சை நிறப் பெட்டியில் மெட்ரோனிடசோல் வகையைச் சேர்ந்த செக்னிடசோல் 2 கிராமும் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராமும் இருக்கும். இரண்டையும் ஒரே வேளையில் கொடுத்தால் மூன்று தொற்றுகளுக்கும் அன்றே மருந்து ஆகிவிடும். தொலைவிலிருந்து வந்து, மறுபடி வர முடியாத பெண்களுக்கு அது பேருதவி. அந்த முறையை நான் குறை கூறவில்லை. முதல் முறை வருபவருக்கு அது போதும். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதே தொல்லையோடு வருபவருக்கும் அதே பெட்டியைக் கொடுத்து அனுப்புவதுதான் தவறு. "அக்கா, கழிஞ்ச தடவையும் இதே குளிகதான் தந்தாவ" என்று ஆய்வக ஜன்னலருகே ஒரு பெண் சொன்னபோது அவர் கையில் பழைய சீட்டுகள் ஒரு கட்டாக இருந்தன. எதிலும் கிருமியின் பெயர் இல்லை. இப்படிப்பட்டவர்கள்தான் கடைசியில் உடம்புச் சூடு என்று முடிவு கட்டிக்கொண்டு வெந்தயத்துக்கும் இளநீருக்கும் திரும்பிவிடுகிறார்கள்.

மூலக்கூறு பரிசோதனை இவர்களுக்குத்தான் வேண்டும். கொரோனா காலத்தில் எல்லோரும் பழகிக்கொண்ட பி.சி.ஆர். போன்றதே இதுவும். கிருமி உயிரோடு துடிக்க வேண்டியதில்லை. அதன் மரபுப்பொருள் சிறிதளவு இருந்தாலும் பன்மடங்கு பெருக்கிக் கண்டுகொள்ளும். ட்ரைகோமோனஸைப் பொறுத்தவரை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிடிபடுகிறது. ஒரே ஸ்வாபில் மூன்று தொற்றுகளையும் பார்க்கும் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-இலேயே அனுமதி அளித்தது. கேண்டிடாவில் க்ளாப்ராட்டா, க்ரூசி ஆகிய இனங்களையும் அது தனியே காட்டும். க்ரூசி இனம் ஃப்ளூகோனசோலுக்கு இயல்பிலேயே கட்டுப்படாதது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அதே மாத்திரையைத் திரும்பத் திரும்பக் கொடுத்து என்ன பயன்?

இன்னொரு நன்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். இந்தப் பரிசோதனைக்கான ஸ்வாபைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம். முடிவின் நம்பகம் அதனால் குறைவதில்லை. மேசையில் படுத்து ஆண் மருத்துவர் முன் பரிசோதனைக்கு உட்படக் கூசியே நோயைச் சொல்லாத பெண்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். தூத்தூர், நீரோடி போன்ற கடலோர ஊர்களிலிருந்தும் பேச்சிப்பாறை மலையோரக் காணிக் குடியிருப்புகளிலிருந்தும் கிராம சுகாதார செவிலியர் வழியாகவே ஸ்வாப் வந்து சேர முடியும். கருவுற்ற பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். ட்ரைகோமோனஸும் பாக்டீரியல் வஜினோசிஸும் குறைப்பிரசவத்தோடு தொடர்புடையவை என்பதும் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் கூட்டுபவை என்பதும் தெரிந்தவை.

அதே வேளையில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பத்தில் ஒன்றிரண்டு பெண்களின் உடலில் கேண்டிடா எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். பாக்டீரியல் வஜினோசிஸில் பெருகும் கார்ட்னரெல்லாவும் நலமாக உள்ள பெண்களிடம் காணப்படுவதுண்டு. எனவே நோய்க்குறி இல்லாதவர்களுக்கு முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜோடு இதையும் சேர்த்து விற்று, 'பாசிட்டிவ்' என்று தாளில் அச்சிட்டுக் கொடுத்தால், தேவையற்ற மருந்தும் குடும்பத்தில் தேவையற்ற சந்தேகமும்தான் மிஞ்சும். பாக்டீரியல் வஜினோசிஸுக்கு ஒரு பாக்டீரியா இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பது பயன்படாது. லாக்டோபேசிலஸோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லும் பரிசோதனையாக இருக்க வேண்டும். சிகிச்சை முடிந்த மறுவாரமே திரும்பப் பரிசோதிப்பதும் கூடாது. இறந்த ட்ரைகோமோனஸின் மரபுப்பொருள் சில வாரங்கள் தங்கியிருந்து தவறான முடிவைக் காட்டலாம்.

இதற்கெல்லாம் புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் கொரோனா காலத்தில் ஆர்.டி.பி.சி.ஆர். ஆய்வகம் இயங்கியது, அதில் பயிற்சி பெற்ற நுட்பநர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். காசநோய்த் திட்டத்தில் இதே மூலக்கூறு முறையில் சளியைப் பரிசோதிக்கும் சிபிநாட் கருவி மாவட்டங்கள்தோறும் உண்டு. அதே கருவியில் போட்டுப் பார்க்கும் ட்ரைகோமோனஸ் கேட்ரிட்ஜும் தயாரிக்கப்படுகிறது. தனியாரிடம் சில ஆயிரம் ரூபாய் ஆகும் இந்தப் பரிசோதனையை, முந்திரி ஆலையில் கூலி வேலை செய்யும் பெண் தன் கையிலிருந்து செலவழித்துச் செய்துகொள்ள வழியில்லை.

ஆகவே சுகாதாரத் துறையை நான் கேட்பது இதுதான். ஒரு முறை முழுமையாக மருந்து எடுத்தும் தீராமல் திரும்பி வரும் பெண்களுக்கும், நோய்க்குறி உள்ள கர்ப்பிணிகளுக்கும் மட்டும் முதற்கட்டமாக ஆசாரிப்பள்ளத்தில் மூலக்கூறு பரிசோதனையைக் கட்டணமின்றித் தொடங்க வேண்டும். தக்கலை, குழித்துறை, குளச்சல் அரசு மருத்துவமனைகளிலிருந்து ஸ்வாபை அங்கே அனுப்ப ஏற்பாடு செய்து, முடிவை அந்தந்த மருத்துவமனைக்கே தெரிவிக்க வேண்டும். ட்ரைகோமோனஸ் உறுதியானால் கணவரையும் அழைத்து மருந்து கொடுக்கும் பொறுப்பை, பெண்ணின் தலையில் கட்டாமல், ஆலோசகரிடம் ஒப்படைக்க வேண்டும். தங்கள் நாளிதழ் இக்கோரிக்கையை மாவட்ட நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டு செல்லும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.