நாமக்கல் கோழிப்பண்ணை முதலாளிகளுக்கு ஒரு பழைய லோடுமேன் எழுதும் மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கு வணக்கமுங்க.

உங்கள் பண்ணைகளில் 11 வருஷம் முட்டை லோடு ஏற்றியவன் நான். சாயந்திரம் அட்டை அடுக்க ஆரம்பித்தால் வண்டி கிளம்ப ராத்திரி ஆகிவிடும். விடிவதற்குள் கேரள எல்லையில் வாளையாரைத் தாண்டியிருக்கும். 2021-ல் இருமல் வந்தது. கோழி எருத் தூசி என்று நினைத்து மூன்று மாதம் ஓட்டிவிட்டேன். சளியைச் சோதித்தபோது காசநோய், அதிலும் ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் என்ற இரண்டு முக்கியமான காசநோய் மருந்துகளுக்கும் அடங்காத வகை என்றார்கள். 54 கிலோ இருந்தவன் 39-க்கு வந்திருந்தேன். அப்போது வேலை பார்த்த பண்ணையில் இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரி, அது போகட்டும். நான் பேச வந்தது முட்டையைப் பற்றி.

18 மாதம் மருந்து சாப்பிட்டேன். ஆரம்பத்தில் காலையில் எழுந்தாலே குமட்டல். அவித்த முட்டையின் வாசனை வந்தாலே ஓடிப்போய் வாந்தி எடுப்பேன். லட்சக்கணக்கில் முட்டை தூக்கியவனுக்கு அந்த வாசம் ஆகவில்லை என்றால் சிரிப்பீர்கள். லினசோலிட் மாத்திரையில் ரத்தம் குறைந்தது, பாதம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. குளோஃபசிமின் என்று ஒன்று. அதில் முகமே செம்பட்டையும் கறுப்புமாக மாறி, தெருவில் தெரிந்தவர்களே யாரோ என்று பார்த்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அம்மா முட்டையையே நிறுத்திவிட்டாள். "மாத்திரையே சூடு கண்ணு, அதுக்கு மேல முட்டையுமா?" இரண்டு மாதம் ரசமும் சோறும்தான் பத்தியம். எடை ஒரு கிலோகூட ஏறவில்லை. பிறகு வீட்டுக்கு வந்த சிகிச்சை மேற்பார்வையாளர் அக்கா அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, கிருமியக் கொல்றது மருந்துங்க. ஆனா அரிச்சுப்போன உடம்பு திரும்பக் கட்டணும்னா அதுக்குச் சரக்கு வேணுமுங்க." பெடாக்குவிலின் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டால், வெறும் வயிற்றில் போடுவதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு உடம்பில் சேரும் என்பதையும் அவர்தான் சொன்னார். லீவோஃப்ளாக்சசின் மாத்திரைக்கும் பாலுக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டோம்.

அப்புறம் அம்மா முட்டையைப் பொரியலாக்கி, கொள்ளுப் பருப்பு கடைந்து, வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து, ஒரே வேளையில் திணிக்காமல் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுத்தாள். எட்டாவது மாதம் தராசு 46 காட்டியது. அன்றைக்குத்தான் பிழைத்துவிடுவேன் என்று எனக்கே தோன்றியது.

ஆனால் அந்தச் சாப்பாட்டுக்குக் காசு? அரசு ஊட்டச்சத்துக்கென்று வங்கிக் கணக்கில் போட்டது அப்போது மாதம் 500 ரூபாய். ஒரு நாளைக்கு 16 ரூபாய்ச் சில்லறை. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ஆகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் வேலைக்குப் போக முடியாதவன் வீட்டில் அந்தப் பணம் முதலில் வாடகைக்கும் கேஸுக்கும் போகும். நோயாளி தட்டுக்கு மட்டும் முட்டை வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வைக்காமல் இருக்க எந்த அம்மாவால் முடியும்?

நோயாளிக்கும் குடும்பத்துக்கும் சாப்பாடு கொடுத்தால் என்ன ஆகும் என்று ஜார்க்கண்டில் முறையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2019 முதல் 2022 வரை 2,800 நோயாளிகளுக்கு அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் எல்லாம் சேர்த்து மாதம் 10 கிலோ கொடுத்தார்கள். மருந்துக்கு அடங்காத காசநோய் என்றால் ஒரு வருஷம். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்குச் சாவு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்பது வெறும் 2 கிலோ. குடும்பத்துக்கும் சேர்த்து ரேஷன் கொடுத்த வீடுகளில் மற்றவர்களுக்குப் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அதில் பெரும்பாலோர் சாதாரணக் காசநோய்க்காரர்கள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கள் வகைக்காரர் வீட்டில் இன்னொருத்தருக்குத் தொற்றினால் அதுவும் பெரும்பாலும் இதே பிடிவாதக் கிருமியாகத்தான் இருக்கும்.

எங்கள் பாட்டன் பெருந்துறை காசநோய் சானடோரியத்தில் படுத்துக் கிடந்தவர். அங்கே கொடுத்த பாலையும் முட்டையையும் பற்றிச் சாகும்வரை பேசுவார். 1956-ல் சென்னையில் ஒரு ஆய்வு தொடங்கினார்கள்: பாதிப் பேர் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு, பாதிப் பேர் வீட்டில் கிடைத்ததைத் தின்றுகொண்டு. மருந்து எல்லோருக்கும் ஒன்றுதான். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959-ல் முடிவு வந்தது. எடை என்னவோ சானடோரியத்தில் இருந்தவர்களுக்குத்தான் கூடுதலாக ஏறியது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்றானது ஏழைகளுக்கு வரம். ஆனால் அதோடு சாப்பாட்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம் என்பது என் வருத்தம். அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது மருந்துக்கு அடங்கும் கிருமி. நாங்களோ குமட்டலோடும் ரத்தக் குறைவோடும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள்.

இப்போது நான் கேட்பது இதுதான். நோயாளிக்கு நாளைக்கு 2 முட்டை, வீட்டில் மற்ற மூன்று பேருக்கு ஒவ்வொன்று. மாதம் 150, அதாவது 5 அட்டை. எங்கள் வகைக் காசநோய்க்கு 2024-ல் அரசு ஒப்புதல் கொடுத்த நான்கு மருந்துச் சிகிச்சை 6 மாதம்தான். அப்படியானால் 30 அட்டை. நீண்ட சிகிச்சை 18 மாதம் போனால் 90. ஒரு நாளில் எத்தனை அட்டை உங்கள் கேட்டைத் தாண்டிப் போகிறது என்பது உங்களைவிட என் முதுகுக்கு நன்றாகத் தெரியும். காசநோயாளிகளுக்கு உணவுக்கூடை கொடுக்கிறவர்கள் அரசுத் திட்டத்தில் நிக்ஷய் மித்ரா என்று பதிவு செய்துகொள்ள 2022-லேயே வழி இருக்கிறது. உங்கள் ஒன்றியத்தில் இருக்கும் மருந்துக்கு அடங்காத நோயாளிகளைப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், கீறல் முட்டையைத் தள்ளிவிட வேண்டாம். கேரளாவுக்குப் போகும் முட்டையே வேண்டும். முதல் மாதம் போட்டோ எடுத்துவிட்டு இரண்டாம் மாதம் மறந்துவிடவும் வேண்டாம். சிகிச்சை முடியும்வரை என்று சொன்னால் மட்டும் ஆரம்பியுங்கள். அட்டையின் மேல் காசநோய் என்று எழுதி ஒட்டாதீர்கள். உங்கள் பண்ணைக் கொட்டகையிலேயே தங்கியிருக்கும் ஜார்க்கண்ட், ஒடிசாப் பையன்களையும் மறக்க வேண்டாம். அவர்களில் யாராவது இருமினால் சோதனைக்கு அனுப்புங்கள். நோய் என்று தெரிந்தாலும் ரயில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள்.

கொண்டுபோய்க் கொடுக்க ஆள் தேட வேண்டாம். குணமான நாங்கள் சில பேர் இருக்கிறோம். சாயந்திரம் லோடு ஏற்றும் நேரத்தில் வந்து வாங்கிக்கொள்கிறோம். என் டிவிஎஸ் எக்ஸெல்லில் பத்து அட்டை தாங்கும்.

இப்படிக்கு,
இப்போது 55 கிலோ இருக்கும் ஒரு பழைய லோடுமேன்